சுவரிலிருந்து இறக்கப்பட்ட புனிதர்கள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்வாண்டு விழாவில் ஓவியத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னைப் பணித்தபோது, ஆள் மாறிச் சொல்லிவிட்டாரோ என்றே முதலில் எண்ணினேன். நான் ஓவியன் அல்லேன். கலை பயின்றவனும் அல்லேன். பத்தாம் வகுப்புடன் கல்வியை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதிக் காலங்கழிப்பவன். சிப்பங்களின் எடையும் எண்ணிக்கையும் நான் அறிவேன். சித்திரங்களின் நுட்பம் அறியேன். ஆயினும், ஓர் ஓவியம் என் வீட்டுச் சுவரில் இருந்தது. அது என் கையாலேயே போயிற்று. அந்தக் குற்றம் உள்ளவன் என்னும் ஒரே தகுதியால் உங்கள் முன் நிற்கிறேன்.

நம்முடைய கோல் மார்க்கெட்டை உங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. 1921ஆம் ஆண்டில் எழுந்த அந்த வட்ட அங்காடியைச் சுற்றி, அரசுப் பணிக்கென வந்த தமிழர் எத்தனையோ தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றனர். அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் கோல் டாக்கானா; அதன் அருகே திரு இருதயப் பேராலயம். ஹென்றி மெட் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞரின் வரைபடத்தைக் கொண்டு 1930களில் எழுப்பப்பட்டது அது. நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வழியே நடந்ததுண்டு. நாங்கள் முருகனை வழிபடும் குடும்பத்தினர். எனினும், அந்த ஆலயத்தைக் கடக்கும் போதெல்லாம் என் தந்தையார் செருப்பைக் கழற்றாமலே ஒரு கணம் நின்று தலைகுனிவார். ஏன் என்று கேட்டால், "உள்ளே நம்ம தொழில்காரர் ஒருத்தர் இருக்காரு" என்பார்.

என் தந்தையார் தச்சர். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் இடத்தில் மரவேலை செய்தவர். அவர் குறிப்பிட்ட தொழில்காரர் சூசையப்பர், இயேசுவை வளர்த்த தந்தை, நாசரேத்தூர்த் தச்சர். எங்கள் அடுத்த வீட்டில் தூத்துக்குடியைச் சேர்ந்த கிறித்தவ அம்மையார் ஒருவர் இருந்தார். கணவர் பணி ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பும் நாளில், தம் வீட்டுச் சுவரிலிருந்த சூசையப்பர் படத்தைக் கொண்டுவந்து என் தந்தையார் கையில் கொடுத்தார். "அண்ணாச்சி, இவரும் தச்சரு, நீங்களும் தச்சரு. உங்க வீட்லயே இருக்கட்டும்" என்றார். நாட்காட்டியிலிருந்து எடுத்த சாதாரண அச்சுப்படம். தாடியுடைய ஒருவர் கைக்குழந்தையை ஏந்தி நிற்கும் காட்சி. என் தந்தையார் அதனை முருகன் படத்துக்கு அருகில் மாட்டினார்.

2001ஆம் ஆண்டில் என் தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானார். எனக்கு அப்போது இருபது வயது. கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. கடைநிலைப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தனானேன். இன்று நான் உண்ணும் சோறு அவர் இறந்ததனால் கிடைத்த சோறு. அந்தக் குடியிருப்பைக் காலிசெய்த நாளில், சாமான்களைக் கட்டும் அவசரத்தில் சூசையப்பர் படத்தின் கண்ணாடி உடைந்தது. ஓரத்தில் ஈரம் ஏறி, தாளும் கறுத்திருந்தது. பழைய பாத்திரங்களோடு சேர்த்துக் கபாடிக்காரரிடம் போட்டுவிட்டேன்.

நான்கு நாள் கழித்து என் தாயார் கேட்டார்: "ஏல, அந்தத் தச்சர் சாமி படத்த எங்கல வச்ச?"

"கண்ணாடி ஒடஞ்சிபோச்சும்மா. கபாடிக்காரன்கிட்ட போட்டுட்டேன்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சட்டம் ஒங்கப்பா கையால செஞ்சது" என்றார். அதற்குமேல் இன்று வரை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

பஞ்சகுயான் சாலை மரச்சாமான் கடையில் கழிவாகக் கிடைத்த தேக்குத் துண்டுகளை வாங்கிவந்து, இழைப்புளியால் இழைத்து, மூலைகளை ஆணியின்றிப் பொருத்தி அவர் செய்த சட்டம் அது. டில்லியில் தமக்கென்று அவர் செய்துகொண்ட மரவேலை அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் ரயில் பெட்டிகளில் போய்விட்டன.

அன்பர்களே! இவ்வளவும் முன்னுரை. இனி ஓவியத்துக்கு வருகிறேன்.

ஈராண்டுக்கு முன் என் மகளுக்குப் பள்ளியில் ஐரோப்பிய ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதிவரப் பணித்தார்கள். அவள் கணினித் திரையில் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவற்றுள் ஒன்று என்னை நிறுத்தியது. தாடியுடைய ஒருவர், கையில் குழந்தை. சூசையப்பர்! எங்கள் வீட்டு நாட்காட்டிப் படம் அன்று. அதனினும் பன்மடங்கு உயர்ந்தது. வரைந்தவர் ஜியாம்பத்திஸ்தா தியெப்பொலோ என்றும், அந்தப் படம் இப்போது அமெரிக்காவின் டெட்ராயிட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் மகள் படித்துச் சொன்னாள். மேலும் அவள் சொன்னது என்னைத் திடுக்கிடச் செய்தது: "அப்பா, இது முழுப்படம் இல்ல. வெட்டி எடுத்த துண்டு."

அன்று முதல் அந்தப் படத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குத் தெளிவானவற்றை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

தியெப்பொலோ 1696ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் பிறந்தவர். அக்காலத்தில் ஐரோப்பாவில் ரொக்கோக்கோ என்னும் பாணி வேரூன்றி வளர்ந்தது. கிளிஞ்சலும் கூழாங்கல்லும் பதித்துத் தோட்டக் குகைகளை அணிசெய்யும் வேலைக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கிய சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. முந்திய காலத்து ஓவியங்களில் இருளும் கனமும் மிகுதி. ரொக்கோக்கோவிலோ ஒளி மிகுதி. இளநீலமும், இளஞ்சிவப்பும், முத்தின் வெண்மையும் மிகுதி. கோடுகள் நேராக நில்லாமல் கொடிபோல் வளையும். புனிதர்கள் மண்ணில் மண்டியிட்டிருந்தாலும், அவர்கள் தலைக்கு மேல் வானம் திறந்திருக்கும். மேகங்களினிடையே சிறகு முளைத்த குழந்தைகள் விளையாடும்.

இவ்வழியில் தியெப்பொலோவுக்கு இணையானவர் அன்று இல்லை எனலாம். வெனிசிலுள்ள ஜெசுவாத்தி ஆலயத்தில் அவர் 1748ஆம் ஆண்டில் முடித்த பீடப்படம் ஒன்று உண்டு. தோமினிக்கர் சபையைச் சேர்ந்த மூன்று பெண் புனிதர்கள் அதில் இருக்கின்றனர்: லீமா நகர் ரோசம்மாள், சியென்னா நகர்க் கத்தரீனம்மாள், மொந்தேபுல்சியானோ ஆக்னசம்மாள். ரோசம்மாள் கையில் குழந்தை இயேசு. கத்தரீனம்மாளிடம் சிலுவை. மேலே மேகத்தின்மீது தேவமாதா. துறவியரின் கறுப்பு வெள்ளை உடைக்கு மேல் அவ்வளவு ஒளி பாய்ந்திருக்கிறது. இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படம் எந்தச் சுவருக்காக வரையப்பட்டதோ அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

சொந்த ஊரில் வரைந்த படத்துக்கு நேர்ந்தது இது. அயலூரில் வரைந்தவற்றுக்கு நேர்ந்தது வேறு.

1762ஆம் ஆண்டில், அறுபத்தாறு வயதில், ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் அழைத்ததன் பேரில் தியெப்பொலோ மாட்ரிட் சென்றார். மனைவியை வெனிசிலேயே விட்டுவிட்டு, தொழிலில் துணை நிற்கும் இரு புதல்வர்களை மட்டும் உடன் அழைத்துச் சென்றார். நம்மில் பலருக்கு இது புதிய செய்தியன்று! அரண்மனை விதானங்களைத் தீட்டி முடித்தார். ஊர் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. 1767ஆம் ஆண்டில், தம்மை இன்னும் பணியில் வைத்துக்கொள்ளுமாறு தாமே விண்ணப்பித்துக்கொண்டார். மன்னர் ஒரு பணி கொடுத்தார். மாட்ரிட்டுக்குத் தெற்கேயுள்ள அராங்குவேஸ் என்னும் ஊரில் அரசர் கட்டிய பிரான்சிஸ்கு சபையார் மடத்து ஆலயத்துக்கு ஏழு பீடப்படங்கள்.

ஆலயம் பாஸ்கல் பைலோன் என்னும் புனிதரின் பெயரால் அமைந்தது. அவர் ஆடு மேய்த்த ஏழை, பின்னர்த் துறவியானவர். நடுப்பீடத்துக்கு அவருடைய படம். மற்றவை அமலோற்பவ மாதா, அசிசிப் பிரான்சிஸ்கார், அந்தோணியார், சார்லஸ் பொரோமேயோ, அல்காந்தராப் பேதுரு, சூசையப்பர் ஆகியோரின் படங்கள். 1769ஆம் ஆண்டில் ஏழையும் முடித்துக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று.

இந்தப் படங்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. பழைய ஆரவாரம் அடங்கிவிட்டது. பிரான்சிஸ்கார் படத்தைப் பாருங்கள்: ஐந்து திருக்காயங்களைப் பெற்றுச் சாய்ந்த அந்தப் புனிதரை ஒரு வானதூதன் தாங்கிக்கொள்கிறான். மேகக் கூட்டமும் எக்காளமும் அங்கே இல்லை. களைத்தவனை ஒருவன் தாங்குகிறான், அவ்வளவே. சூசையப்பர் படத்திலும் அப்படித்தான். அரச குலத்துப் பெருமையெல்லாம் மறைந்து, பிள்ளையைக் கையில் ஏந்திய உழைப்பாளி ஒருவரே தெரிகிறார். விதானங்களில் தேவர்களைப் பறக்கவிட்ட கை, முதுமையில் தகப்பன் ஒருவனின் கையை வரைந்தது.

1770ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் தியெப்பொலோ மாட்ரிட்டில் இறந்தார். வெனிசை அவர் மீண்டும் காணவில்லை. அவர் மறைந்த பின்னரே ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது.

அதன்பின் நேர்ந்தது என்ன? அரசவையில் காற்று மாறியது. ரொக்கோக்கோ பழையதாயிற்று, கிரேக்க, ரோமானியச் சிலைகளைப்போல் அமைதியும் நேர்கோடும் உள்ளதே கலை என்னும் புதிய கொள்கை வலுப்பெற்றது. அக்கொள்கைக்குத் தலைவராக விளங்கிய ஓவியர் அந்தோன் ராபேல் மெங்ஸ் அதே அரசவையில் இருந்தார். மன்னரின் ஆன்மகுருவும் அவர் பக்கமே நின்றார். சில ஆண்டுகளுக்குள் தியெப்பொலோவின் ஏழு படங்களும் சுவரிலிருந்து இறக்கப்பட்டன. மெங்சும் அவர் வழியினரும் வரைந்த படங்கள் அவ்விடங்களில் ஏறின. நடுப்பீடத்துப் படம் துண்டாக வெட்டப்பட்டது. சூசையப்பர் படமும் வெட்டப்பட்டது. இன்று ஏழில் சில மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பொரோமேயோ அமெரிக்காவின் சின்சினாட்டியில். சூசையப்பர் டெட்ராயிட்டில். ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியவர்கள் கடல் கடந்து சிதறினர்.

இதைப் படித்தபோது மெங்சின்மீது எனக்குச் சினம் எழுந்தது. ஆனால், உடனே அடங்கிற்று. அவராவது வேறொரு கலைக்கொள்கைக்காக அவற்றை இறக்கினார். நானோ சாமான் கட்டும் அவசரத்துக்காக அல்லவா இறக்கினேன்!

ஆயினும், முழுப்படம் எப்படி இருந்தது என்று இன்று அறிகிறோம். எப்படி? பெரிய படம் தொடங்குமுன் தியெப்பொலோ சிறிய துணியில் எண்ணெய் வண்ணத்தால் ஒரு மாதிரி வரைவது வழக்கம். தச்சர் பெரிய வேலைக்குமுன் சிறு பலகையில் ஒரு மாதிரி செய்துபார்ப்பதில்லையா, அதுபோல. அராங்குவேஸ் படங்களின் மாதிரிகளுள் ஐந்து தப்பிப் பிழைத்தன. அவற்றைத் தேடிச் சேர்த்தவர் கோமகன் அந்துவான் சைலர்ன் என்னும் கலை அன்பர். 1978ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அவர் எழுதிவைத்த உயிலின்படி அவை இலண்டன் கோர்ட்டோல்டு நிலையத்துக்குச் சேர்ந்தன. அந்த ஐந்தில் சூசையப்பரும் ஒருவர். சிறு மாதிரியை யாரோ ஒருவர் போற்றி வைத்ததனால், வெட்டுண்ட படத்தின் முழுமை நமக்குக் கிடைத்தது.

பெரியோர்களே! இதையெல்லாம் இத்தாலியின் கதை, ஸ்பெயினின் கதை என்று தள்ளிவிடலாகாது. இதே சூசையப்பர் இதே பதினெட்டாம் நூற்றாண்டில் நம் தமிழுக்கும் வந்தார். அவரைக் கொண்டுவந்தவரும் வட இத்தாலியர்தாம்.

வீரமாமுனிவரைத்தான் குறிப்பிடுகிறேன். 1680ஆம் ஆண்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த அவருடைய இயற்பெயரிலேயே ஜோசப் இருக்கிறது. 1710ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தவர், தமிழகத்தைத் தம் நாடாகக் கொண்டு, 1747ஆம் ஆண்டில் மறையும் வரை இந்த மண்ணிலேயே வாழ்ந்தார். தமிழ்த் துறவியின் உடை தரித்தார். தமிழ்ப் பெயர் பூண்டார். 1732ஆம் ஆண்டில் சதுரகராதி தந்து அகரமுதலிக்கு வழிகாட்டினார். சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி, மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடினார். ஜோசப் என்னும் எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்பது பொருள். அதனைத் தமிழாக்கி 'வளன்' என்று அவர் சூட்டிய பெயர் எத்துணை அழகு!

படத்தையும் சிலையையும் அவர் மறக்கவில்லை. விருத்தாசலத்துக்கு அருகேயுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயம் இருக்கிறது. தேவமாதாவைத் தமிழ்ப்பெண்ணின் கோலத்தில் அமைக்க விரும்பிய முனிவர், அதற்கான படத்தை மணிலாவுக்கு அனுப்பி அங்கே சிலை செய்வித்துக் கொண்டுவந்தார் என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லுவர். தியெப்பொலோவின் மாதா உலக உருண்டைமீது பாம்பை மிதித்து நிற்கிறார். கோணான்குப்பத்து மாதா சேலை உடுத்துப் பிள்ளையை ஏந்தி நிற்கிறார். ஒருவரை அரசர் அழைத்தார். சில ஆண்டுகளில் இறக்கினார்கள். மற்றவரை ஊர் ஏற்றுக்கொண்டது. இன்றும் அங்கேயே இருக்கிறார்.

இதிலிருந்து, "போகும் இடத்துக்கேற்ப மாறினால் வாழலாம்; மாறாவிட்டால் அழியலாம்" என்று எளிதாக ஒரு நீதி சொல்லிவிடலாம். என் மனம் அதற்கு இசையவில்லை. தியெப்பொலோ செய்த தவறு என்ன? தம்மால் இயன்ற மிகச் சிறந்ததைத் தம் கடைசி ஆண்டுகளில் அயல்நாட்டுக்குக் கொடுத்தார். இறக்கியவர்கள் இறக்கினார்கள். வேலை செய்தவன் கையில் வேலைதான் உண்டு. சுவர் அவன் கையில் இல்லை. காப்பவர் ஒருவர் கிடைப்பதும் கிடையாததும் பின்வருபவரைப் பொறுத்தது. தேம்பாவணியும் அவ்வாறே, படித்தும் படியெடுத்தும் போற்றியவர்கள் இருந்தமையால் நம்மிடம் வந்து சேர்ந்தது.

இனி, இந்தச் சங்கத்தின் முன் என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

கோல் மார்க்கெட்டைச் சுற்றியிருந்த பழைய குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டுவிட்டன. அடுக்கு மாடிகள் எழுகின்றன. எழட்டும், மக்கள் வசதியாக வாழ வேண்டியதுதான். ஆனால், வீடு மாறும் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று கபாடிக்காரர் தராசில் ஏறுகிறது. டில்லிக்கு முதலில் வந்தவர் ஊருக்கு எழுதிய கடிதம், மடக்கு நாற்காலியில் அமர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம், பொங்கல் விழா நன்கொடைக் கணக்கு, கையெழுத்து நாடகப் பிரதி, பாட்டியின் சமையல் குறிப்பு, தந்தையின் உளியும் கொட்டாப்புளியும் - இவையெல்லாம் நம்முடைய மாதிரிப் படங்கள். முழுப்படம் வெட்டுண்ட பிறகு, நாம் எப்படி இருந்தோம் என்று நம் பேரப்பிள்ளைகள் இவற்றைக் கொண்டுதான் அறிய முடியும்.

ஆகவே, நம் சங்க நூலகத்தில் இதற்கென ஓர் அலமாரி ஒதுக்க வேண்டுகிறேன். ஒரு பதிவேடும் வேண்டும். எங்கள் பார்சல் அலுவலகத்தில் உரிமை கோரப்படாத பொருளுக்கும் ஒரு பதிவு உண்டு: என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்த நாள், யார் பெற்றுக்கொண்டார். யாருக்கும் வேண்டாத பொதிக்கே ரயில்வே இவ்வளவு மதிப்புத் தருகிறது. நம் பெற்றோர் கைப்பட்ட பொருளுக்கு நாம் அவ்வளவாவது தரலாகாதா? பதிவேடு எழுதும் பணியை நானே ஏற்கிறேன். பொருளைக் கொடுக்க மனமில்லாதவர்கள் அதனைப் படம் எடுக்கவாவது இசையவேண்டும்.

முதற் பொருளையும் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, இது என் தந்தையாரின் இழைப்புளி. அந்தச் சட்டத்தை இழைத்தது இதுதான். என் தாயார் இதனைத் தம் பெட்டியின் அடியில், பழைய வேட்டியில் சுற்றி, இத்தனை ஆண்டும் வைத்திருந்தார் என்பதே எனக்குத் தெரியாது. சங்கத்தில் பேசப் போகிறேன் என்று சொன்னபோது எடுத்துக் கையில் கொடுத்தார். "இதயாவது பத்திரமா வச்சிக்கல" என்றார்.

பத்திரமாக வைப்பதற்கு என் வீட்டைவிட இந்தச் சங்கம் தக்க இடம் என்று கருதி, தலைவர் அவர்களிடம் இதனை ஒப்படைக்கிறேன். பதிவேட்டின் முதல் வரியை இவ்வாறு எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்: பொருள் - இழைப்புளி, ஒன்று. உரியவர் - தென்காசிப் பக்கத்துத் தச்சர் ஒருவர். ஒப்படைத்தவர் - அவர் மகன்.